லாபம் பேரேட்டில் இருக்கிறது, பணம் எங்கே?



நம் சங்கக் கூட்டங்களில் வரி, லைசென்ஸ், எடை முத்திரை, லாரி வாடகை பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். கடைக்குள்ளே பணம் எப்படி வருகிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி மட்டும் நாம் கூடிப் பேசுவதில்லை. அது அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரி கட்ட முடியாமல் மூடிய கடைகளை விட, பில்லுக்குப் பணம் கொடுக்க முடியாமல் மூடிய கடைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, மூடிய அன்றைக்கும் கணக்கில் லாபம் காட்டிய கடைகள்.

நானும் ஒரு முறை அந்தப் பள்ளத்தின் விளிம்பு வரை போய் வந்தவன்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990-களின் நடுவில் ஒரு வருடம். அப்பா காலமாகி கடை முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்திருந்த சமயம். துவரம் பருப்பு விலை ஏறும் என்று எனக்குத் திடமாகத் தோன்றியது. இரண்டு லோடு கூடுதலாக வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கினேன். மில்லுக்கு இருபது நாள் தேதியிட்டுச் செக் கொடுத்தேன். அதற்கு முந்தைய வருடம்தான், இடம் மலிவாக வந்தது என்று வங்கியின் சி.சி. கணக்கிலிருந்தே பணம் எடுத்து ஒரு கிட்டங்கி வாங்கியிருந்தேன். ஆகவே வரம்பு அநேகமாக நிரம்பிக் கிடந்தது. சில்லறைக் கடைக்காரர்களிடம் பாக்கியோ ஏராளம். செக் தேதி நெருங்க நெருங்க, வசூலுக்குப் போன பையன் வெறும் கையோடு திரும்பி வந்தான்.

அப்பா காலத்துக் கணக்கப்பிள்ளை அன்று பேரேட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நமக்கு லாபம் இருக்கு. அது கொஞ்சம் கிட்டங்கியில அடுக்கியிருக்கு, கொஞ்சம் ஊரெல்லாம் நிக்குது. நாளைக்கு மில்லுக்காரருக்கு அதை எப்படிக் கொடுக்கிறது?"

கொடுக்க வழியில்லை. தெரிந்த ஒருவரிடம் மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கினேன். அதுவும் பற்றாமல், பருப்பை மூட்டைக்கு நூறு ரூபாய் நஷ்டத்தில் ரொக்கத்துக்குத் தள்ளினேன். செக் தப்பியது. பத்தே நாளில் நான் நினைத்தபடியே விலை ஏறியது. என்னிடம் வாங்கியவர் சம்பாதித்தார். விலையைப் பற்றி நான் போட்ட கணக்கு சரி. பணம் திரும்பி வரும் நாளைப் பற்றிப் போட்ட கணக்குதான் தப்பு. ஒரு வருட உழைப்பின் பலன் அந்த இருபது நாளில் கரைந்தது.

அதற்குப் பிறகுதான், பெரிய கம்பெனிகள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று படித்தும், ஆடிட்டரிடமும் வங்கி மேனேஜர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்குப் புரிந்த விஷயம் எல்லோருக்கும் புரியும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

லாபம் வேறு, ரொக்கம் வேறு

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்குச் சராசரி விற்பனை ரூ.1 லட்சம். சரக்கு வந்து விற்க 20 நாள் ஆகிறது. வாங்கியவர் பணம் தர 30 நாள் ஆகிறது. ஆக, சரக்கில் போட்ட ரூபாய் திரும்ப 50 நாள். நமக்குச் சரக்கு போட்டவர் 10 நாள் தவணை தருகிறார். மீதி 40 நாள் நம் பணம் வெளியே நிற்கிறது. நாளுக்கு ஒரு லட்சம் என்றால், இந்தக் கடை ஓட ஏறக்குறைய ரூ.40 லட்சம் வேண்டும். இதில் சொந்த முதல் எவ்வளவு, வங்கிப் பணம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

இப்போது வசூல் மட்டும் 30 நாளிலிருந்து 40 நாளாக இழுத்துவிட்டது என்று வையுங்கள். விற்பனை குறையவில்லை, விலை குறையவில்லை. ஆனாலும் கூடுதலாக ரூ.10 லட்சம் தேவைப்படுகிறது. மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய் மிச்சம் என்றால், இந்தக் கடையின் மொத்த லாபம் நாளுக்கு ரூ.3,000. பத்து லட்சம் என்பது 333 நாள் லாபம். அதாவது வசூலில் பத்து நாள் அசட்டையாக இருந்தால், பதினொரு மாத லாபத்துக்குச் சமமான தொகை ஊரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செலவு, சம்பளம் எதையும் இன்னும் நான் கழிக்கவில்லை.

இதனால்தான், வியாபாரம் பெருகும்போதுகூடப் பணமுடை வருகிறது. விற்பனை ஒன்றரை மடங்கானால் சரக்கும் பாக்கியும் ஒன்றரை மடங்காகும். நம் கடைக்கு ரூ.60 லட்சம் வேண்டும். லாபத்திலிருந்து அந்த இருபது லட்சத்தைச் சேர்க்க வருடங்கள் ஆகும். விற்பனை பெருகுவதோ மாதங்களில். "நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று எப்படி விழுந்தார்?" என்று நாம் வியக்கிற கடைகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

கம்பெனிகள் வைக்கும் மூன்று அடுக்கு

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதை வாரம் வாரமாக அடுத்த 13 வாரத்துக்கு எழுதிவைத்துக்கொள்வது பல கம்பெனிகளின் பழக்கம். பதின்மூன்று வாரம் என்பது ஒரு காலாண்டு. அந்தக் கணக்கைப் பார்த்து மூன்று அடுக்காகப் பணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

முதல் அடுக்கு, கையில் உள்ள ரொக்கமும் வங்கி நடப்புக் கணக்கில் உள்ள பணமும். இது அன்றாடத் தேவைக்கு. இதற்கு வட்டி கிடையாது, ஆகவே அளவாகத்தான் வைப்பார்கள்.

இரண்டாவது அடுக்கு, ஓரிரு நாளில் பணமாக்கக்கூடிய முதலீடு. மத்திய அரசு 91 நாள், 182 நாள், 364 நாள் தவணையில் வெளியிடும் கருவூல உண்டியல்கள், வங்கி டெபாசிட், லிக்விட் ஃபண்டு எனப்படும் குறுகிய காலப் பரஸ்பர நிதி ஆகியவை இந்த வகை. கொஞ்சம் வட்டியும் வரும், அவசரத்துக்கும் உதவும்.

மூன்றாவது அடுக்கு, வங்கி ஒப்புக்கொண்ட கடன் வரம்பு. எடுக்காத தொகைக்குக்கூட ஒரு சிறு கட்டணம் கொடுத்து இந்த வரம்பைத் திறந்து வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. உபயோகிக்காததற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இதற்கு ஃபோர்டு கம்பெனியின் கதைதான் பதில்.

ஃபோர்டு அடகு வைத்த பெயர்ப்பலகை

மறைமலை நகரில் 2022 வரை கார் செய்த அதே அமெரிக்க ஃபோர்டு கம்பெனிதான். 2006-இல் அந்தக் கம்பெனி பெரும் நஷ்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், போயிங் விமானக் கம்பெனியிலிருந்து ஆலன் முலாலி என்பவரைத் தலைமை அதிகாரியாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபோர்டு சுமார் 2,350 கோடி டாலர் அளவுக்குக் கடனும் கடன் வரம்பும் ஏற்பாடு செய்துகொண்டது. அதற்காகத் தொழிற்சாலைகளையும் காப்புரிமைகளையும் மட்டுமல்ல, காரின் முன்னால் இருக்கும் அந்த நீலநிற முட்டை வடிவச் சின்னத்தையும்கூட ஈடாக வைத்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கடையின் பெயர்ப்பலகையையே அடகு வைத்த மாதிரி.

பல பேர் அப்போது முகம் சுளித்தார்கள். ஆனால் 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் திவாலானது. அமெரிக்காவில் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கப் பயந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டும் அரசாங்கத்திடம் மீட்புப் பணம் கேட்டு நின்றன. 2009-இல் இரண்டும் திவால் நீதிமன்றம் போயின. ஃபோர்டு அந்த மீட்புப் பணத்தையும் வாங்கவில்லை, திவாலும் ஆகவில்லை. நஷ்டம் ஃபோர்டுக்கும் இருந்தது. ஆனால் கடன் கிடைக்கிற காலத்திலேயே அது கடனை ஏற்பாடு செய்திருந்தது. அடகு வைத்த சின்னம் 2012-இல் மீண்டது.

பழகிய பாடத்தை அந்தக் கம்பெனி மறக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, தன் கடன் வரம்புகளிலிருந்து 1,540 கோடி டாலரை மொத்தமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டது. பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் டிவிடெண்டையும் நிறுத்திவைத்தது. வரம்பு என்பது வங்கியின் வாக்கு. கையில் உள்ள பணம் நம்முடையது. நெருக்கடியில் இந்த வித்தியாசம்தான் முக்கியம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் போகாதே என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

எதிர்ப்பக்கம்: 2018-இல் விழுந்த மலை

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனக் குழுமம் சாலை, சுரங்கப்பாதை, மின்சாரம் போன்ற பெரிய திட்டங்களில் பணம் போட்டது. போட்ட பணம் திரும்ப வருவதற்கு இருபது, முப்பது வருடம் ஆகும் திட்டங்கள் அவை. ஆனால் வாங்கிய கடனில் கணிசமான பகுதி குறுகிய காலக் கடன். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க இன்னொன்று வாங்கிக்கொண்டே போக வேண்டும். 2018-இல் அந்தச் சங்கிலி அறுந்தது. தவணைகள் தவறின. மொத்தக் கடன் ரூ.90,000 கோடிக்கு மேல். 2018 அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு தலையிட்டு நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டி வந்தது. விழுவதற்குச் சில வாரம் முன்பு வரை அதன் கடன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த 90,000 கோடியும் என்னுடைய கிட்டங்கியும் ஒரே தப்புதான். நாள் கணக்கில் திருப்பவேண்டிய சி.சி. பணத்தை எடுத்து, வருடக்கணக்கில் திரும்பாத இடத்தில் போட்டேன். இடம் வாங்க வேண்டுமென்றால் தவணைக் கடன் தனியாக வாங்க வேண்டும். சரக்குக்கான பணத்தில் செங்கல் வாங்கக் கூடாது. மகள் கல்யாணம், வீடு கட்டுவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

சி.சி. கணக்கு எப்படி வேலை செய்கிறது?

நம்மில் பலர் சி.சி. வரம்பை "வங்கி கொடுத்த பணம்" என்று நினைக்கிறோம். வரம்பு ஒன்று, எடுக்கும் தகுதி ஒன்று. தகுதியை டிராயிங் பவர் என்பார்கள். நாம் மாதம்தோறும் கொடுக்கும் சரக்குப் பட்டியலை வைத்துத்தான் அது தீர்மானமாகிறது.

மேலே சொன்ன கடையையே பார்ப்போம். சரக்கு ரூ.20 லட்சம். அதில் இன்னும் பணம் கொடுக்காத சரக்கு ரூ.10 லட்சம். அதைக் கழித்தால் நம் சரக்கு ரூ.10 லட்சம். வங்கி 25 சதவீதம் மார்ஜின் கேட்டால் இதற்கு ரூ.7.50 லட்சம். வரவேண்டிய பாக்கி ரூ.30 லட்சம், எல்லாம் 90 நாளுக்கு உட்பட்டது, மார்ஜின் 40 சதவீதம் என்றால் ரூ.18 லட்சம். ஆக மொத்தம் ரூ.25.50 லட்சம் எடுக்கலாம். நாற்பதில் மீதி ரூ.14.50 லட்சம் நம் சொந்த முதலாக இருக்க வேண்டும். மார்ஜின் விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். முறை இதுதான்.

இப்போது பாக்கியில் ரூ.8 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். அந்த எட்டு லட்சத்தை வங்கி கணக்கிலேயே எடுக்காது. இருபத்திரண்டு லட்சத்துக்கு 60 சதவீதம், ரூ.13.20 லட்சம். மொத்தத் தகுதி ரூ.20.70 லட்சமாகிறது. அதாவது பாக்கி வசூலாகாத அதே மாதத்தில், வங்கியில் எடுக்கும் தகுதியும் ரூ.4.80 லட்சம் குறைகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

வரம்பு எவ்வளவு கேட்கலாம்? 1992-இல் நாயக் குழு சிறு தொழில்களுக்கு ஓர் எளிய கணக்கு சொன்னது. வருட விற்பனை மதிப்பீட்டில் நாலில் ஒரு பங்கு நடைமுறை மூலதனம் தேவை. அதில் வங்கி 20 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம். வியாபாரிகளுக்கும் பல வங்கிகள் விற்பனையை வைத்தே இது போலக் கணக்கிடுகின்றன. நம் விற்பனை ஜி.எஸ்.டி. கணக்கில் எவ்வளவு காட்டியிருக்கிறதோ, அதுதான் நம் கடன் தகுதிக்கு அடிப்படை. பில் போடாத வியாபாரத்துக்கு வங்கியில் மதிப்பில்லை. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் முன்னுரிமைக் கடனுக்காக மத்திய அரசு சிறு தொழில் பட்டியலில் சேர்த்தது. உத்யம் பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கணக்கு தொடர்ந்து 90 நாள் வரம்புக்கோ டிராயிங் பவருக்கோ மேலே நின்றாலும், வட்டிக்கு ஈடாகவாவது வரவு இல்லாவிட்டாலும், அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். சரக்குப் பட்டியல் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தாலும் கணக்கு முறைதவறியதாகக் கருதப்படும். ஒரு தடவை அந்தப் பெயர் விழுந்தால், மற்ற வங்கிக்கும் தெரிந்துவிடும். பிறகு வாசல் எல்லாம் மூடிக்கொள்ளும்.

வட்டியைக் கணக்குப் பார்த்தால்

சி.சி. வட்டி எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான். வருட வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ரூ.10 லட்சத்துக்கு நாளுக்கு ரூ.274. மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் ரூ.30,000, அதாவது நாளுக்கு ரூ.1,000. மாலையில் கல்லாவில் வந்த பணத்தை அன்றே கணக்கில் போட்டால் அன்றைக்கே வட்டி குறையும். வீட்டுப் பீரோவில் இரண்டு நாள் தூங்கினால் அந்த வட்டி நம் தலையில்தான்.

இன்னொன்று. பதினைந்து நாள் தவணை தரும் மில்லுக்காரர், உடனே பணம் கொடுத்தால் ஒரு சதவீதம் தள்ளுபடி என்கிறார். பத்து லட்சத்துக்குத் தள்ளுபடி ரூ.10,000. சி.சி.யில் எடுத்துக் கொடுத்தால் 15 நாள் வட்டி ரூ.4,110. மிச்சம் ரூ.5,890. ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிடுகிறோம். பதினைந்து நாளுக்கு ஒரு சதவீதம் என்பது வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல். ஆனால் வரம்பில் இடம் காலியாக இருந்தால்தான் இந்த லாபத்தைப் பிடிக்க முடியும். முழு வரம்பையும் எப்போதும் நிரப்பி வைத்திருப்பவர் நல்ல சரக்கு மலிவாக வரும்போதும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

தூங்கும் பணம் நஷ்டமா?

"சி.சி.க்கு வட்டி கட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் டெபாசிட்டில் பணம் வைப்பது முட்டாள்தனம் இல்லையா அண்ணாச்சி?" என்று இளைய வியாபாரிகள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

நம் கடைக்கு வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி எல்லாம் சேர்த்துத் தவிர்க்க முடியாத செலவு மாதம் ரூ.60,000 என்றால், இரண்டு மாதத்துக்கு ரூ.1.20 லட்சம். மூன்று நாள் கொள்முதலுக்கு ரூ.3 லட்சம். மொத்தம் ரூ.4.20 லட்சம். சி.சி. வட்டிக்கும் டெபாசிட் வட்டிக்கும் வித்தியாசம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால், வருடத்துக்கு நமக்கு நஷ்டம் ரூ.14,700. நாளுக்கு நாற்பது ரூபாய். கடையில் வருகிறவர்களுக்கு டீ வாங்கித் தருகிற செலவுதான். கிட்டங்கிக்குத் தீ இன்சூரன்ஸ் கட்டுகிறோம், தீப்பிடிக்கவில்லையே என்று வருந்துவதில்லை. இதையும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரம்பில் காலி இடம் இருந்தால் போதாதா என்றால், போதாது. சி.சி. கடனை வங்கி எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். வருடாந்திரப் புதுப்பிப்பில் வரம்பைக் குறைக்கலாம். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுதும் ஊரடங்கு. மளிகைக் கடை திறக்க அனுமதி இருந்தது, சரக்கு கேட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அதுவரை தவணை கொடுத்துக்கொண்டிருந்தவர்களே எங்களிடம் முன்பணம் கேட்டார்கள். மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. பிப்ரவரி 29 பாக்கியில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் தரும் அவசரத் திட்டம் மே மாதம்தான் வந்தது. உதவி வந்தது, மறுக்கவில்லை. அது வரும் வரைக்கும் கையிருப்பு உள்ளவன் கடை நடத்தினான், இல்லாதவன் ஷட்டரை இறக்கினான்.

ரொக்கம் என்றால் பீரோவில் கட்டுக்கட்டாக நோட்டு என்று பொருள் கொள்ள வேண்டாம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். கையிருப்பு வங்கியில், நம் பெயரில், எப்போதும் எடுக்கும்படி இருக்க வேண்டும். டெபாசிட் வாங்கும் வங்கிகளே அதில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக ஒதுக்கியாக வேண்டும் என்பது சட்டம். பணத்தையே தொழிலாகக் கொண்ட வங்கிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், நமக்கு வேண்டாமா?

கடைக்காரர் செய்யக்கூடியவை

1. ஒரு நோட்டில் அடுத்த 13 வாரத்துக்கு வாரம் ஒரு வரி போடுங்கள். வரவு, கொடுக்கவேண்டியது, மிச்சம். எந்த வாரத்தில் பள்ளம் விழுகிறது என்பது ஒரு மாதம் முன்பே தெரியும். அப்போது வங்கிக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

2. பாக்கியை வயதுவாரியாக எழுதுங்கள். 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கு மேல். 60-ஐத் தாண்டியவரிடம் பழைய பாக்கி வாங்காமல் புதுச் சரக்கு போட வேண்டாம். பகையில்லாமல், பணிவாகச் சொல்லலாம்.

3. சாதாரண நாளில் டிராயிங் பவரில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்.

4. ஜி.எஸ்.டி.யாக வசூலித்த பணம் நம்முடையது அல்ல. அதைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். மாதம் 20-ஆம் தேதி வந்த பிறகு தேட வேண்டாம்.

5. பதிவு பெற்ற குறு, சிறு மில்லிடம் வாங்கினால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் அந்தக் கொள்முதல் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2023–24 கணக்காண்டிலிருந்து வந்தது. ஆடிட்டரிடம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கணக்கில் பணம் இல்லாமல், வரும் என்ற நம்பிக்கையில் செக் கொடுக்காதீர்கள். செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதை விடப் பெரிய தண்டனை, மார்க்கெட்டில் பெயர் போவது.

முடிவாக

எங்கள் வீதியில் என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு அண்ணாச்சி இருந்தார். என்னை விடப் பெரிய வியாபாரம், என்னை விடக் கெட்டிக்காரர். சரக்கின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே விலை சொல்வார். வரம்பு நிரம்பி, வெளியில் வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கி, கடைசியில் ஒரு தீபாவளிக்கு முன் கடையைப் பூட்டினார். பூட்டிய அன்று அவருக்கு ஊரில் வரவேண்டிய பாக்கி, அவர் கொடுக்க வேண்டியதை விட அதிகம். கடை பூட்டிய பிறகு அந்தப் பாக்கியை யார் தேடி வந்து கொடுப்பார்கள்? கால்வாசிகூட வரவில்லை என்று கேள்வி.

அவர் பேரேட்டில் லாபம்தான் இருந்தது. ஒரு மாதம் தாக்குப்பிடிக்கக் கைப்பணம் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்தக் கடை இருந்திருக்கும்.

இன்று இரவு கடை சாத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுப் பார்ப்போம். நாளை முதல் முப்பது நாளுக்கு ஒருவரும் பாக்கி தரவில்லை என்றால், நம் கடை எத்தனை நாள் திறந்திருக்கும்? விடை எத்தனை நாள் என்று வருகிறதோ, அதுதான் நம் வியாபாரத்தின் உண்மையான பலம். அந்த நாளை ஒவ்வொன்றாகக் கூட்டுவதுதான் நம் முதல் வேலை.